படகில் அடித்த நான்கு ஆணிகள்

தம்பி ரவி,

நலம், நலமறிய ஆவல் என்று எழுத இன்றைக்குக் கை வரவில்லை. கோலாலம்பூரில் நீ நலமாகத்தான் இருப்பாய். உனக்கு என்ன குறை? போன ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டில் உன் நிச்சயதார்த்த விருந்தில் பார்த்தேனே. பெண் வீட்டுக்காரர்கள் இருபது பேரை உட்காரவைத்து, பள்ளிக்கூடத்தில் கவண் செய்த கதையை எடுத்துவிட்டாய். "எனக்கு ஒரு கூட்டாளி இருந்தவன், பழனியெண்டு. லாரி கெலிண்டான்ர மகன். போட்டியண்டைக்கு வீலுக்கெல்லாம் ஆணி அடிச்சு என்னைக் கவுத்துப்போட்டான், பொறாமையில" என்று கொஞ்சமும் வாய் கூசாமல் சொன்னாய். லாரியில் சாமான் ஏற்றி இறக்குகிறவரைக் கெலிண்டான் என்று சொல்வதில் ஒன்றும் இல்லை. நீ சொன்ன விதத்தில் இருந்தது எல்லாம். எல்லோரும் சிரித்தார்கள். பாயச வாளியோடு நின்றிருந்த நானும் சிரித்தேன். அன்றிலிருந்து மூன்று நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை.

சிரிக்காத ஒரே ஆள் நீ கட்டப்போகிற பிள்ளை. "அவர் ஆணி அடிச்சத நீங்க பாத்தீங்களா?" என்று கேட்டாள். "வேற ஆரு அடிப்பினம்?" என்று சொல்லிவிட்டு அப்பளத்தை நொறுக்கினாய். அந்தப் பிள்ளை கேட்டதை நீ பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் கேட்டிருக்க வேண்டும். இனி அவள் இப்படி எதையாவது கேட்டால் வாயை அடைக்காதே. உட்கார்ந்து பதில் சொல். இந்தக் கடிதத்தில் கல்யாணப் புத்திமதி என்று ஏதாவது இருந்தால் அது இது ஒன்றுதான். மற்றதெல்லாம் வாக்குமூலம். அந்த ஆணிகளை அடித்தது பழனி இல்லை. நான்.

இப்போது கடிதத்தைக் கீழே வைத்துவிட்டு எனக்குப் போன் பண்ணிக் கத்த வேண்டும் என்று தோன்றும். பண்ணாதே. நான் எடுக்க மாட்டேன். கடைசிவரை படி.

என்னைப் பற்றி உனக்குத் தெரியும். முப்பத்தோரு வருடம் அரசாங்க அலுவலகத்தில் கோப்பு எழுதும் கிராணியாக இருந்தவன். என் மேசையில் ஒரு தாள் கோணலாக இருந்தாலே எனக்கு வேலை ஓடாது. நம் வீட்டில் எந்த நாற்காலியைத் தூக்கிப் பார்த்தாலும் ஒரு காலின் அடியில் மடித்த பழைய படகு டிக்கெட் இருக்கும். உன் அம்மா பெருக்கும்போது அதைத் தள்ளிவிடுவாள். நான் குனிந்து திரும்ப வைப்பேன். கல்யாண வீடுகளுக்குப் போனால்கூட முதலில் சாப்பாட்டு மேசையை ஆட்டிப் பார்க்கிறவன் என்று நீயே என்னைக் கேலி செய்திருக்கிறாய். ஆடுகிற சாமானைக் கண்டால் எனக்குப் பல் கூசும். அது ஒழுங்கில்லாத வீட்டின் அடையாளம் என்று என் அப்பா சொல்லி வளர்த்தார். யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலேறி வந்து, பேனா பிடித்தே இந்த ஊரில் வீடு கட்டிய குடும்பம் என்கிற மிதப்பையும் அவரிடமிருந்துதான் வாங்கிக்கொண்டேன். அந்த மிதப்பை உனக்கும் ஊட்டிவிட்டேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

நீ நாலாம் படிவம் படித்த வருடம். பினாங்குப் பாலத்துக்குக் கடலில் தூண் நட்டுக்கொண்டிருந்தார்கள். நீயும் பழனியும் அறிவியல் போட்டிக்குக் கவண் செய்யப் பெயர் கொடுத்தீர்கள். ரப்பர் கூடாது, ஸ்பிரிங் கூடாது, விழுகிற பாரம் மட்டும்தான் பந்தை எறிய வேண்டும் என்று விதி. நம் வீட்டுப் பின்வாசலில் இரண்டு மாதம் அறுப்பதும் இழைப்பதுமாக இருந்தீர்கள். நீளமான ஒரு மரக் கை; குட்டைப் பக்கத்தில் மணல் நிரப்பிய பெட்டி தொங்கும், நெட்டைப் பக்கத்து நுனியில் கயிறும் துணிப்பையும். கையைப் பிடித்து வைத்திருக்கும் ஊசியை இழுத்தால் பெட்டி தடாலென்று கீழே விழும், கை மேலே எழும்பும், பையிலிருக்கும் டென்னிஸ் பந்து பறக்கும். மாமரத்தைத் தாண்டவே மாட்டேன் என்று அது பல நாள் அடம்பிடித்தது. நீ கோபத்தில் அதை எட்டி உதைப்பாய். பழனி மண்ணில் படுத்துக்கொண்டு பெட்டி எப்படி விழுகிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பான்.

ஒரு சனிக்கிழமை, தூக்க அலுத்துப்போய் அதை அவன் அப்பாவின் சாமான் தள்ளுகிற வண்டியில் வைத்தீர்கள். இறக்கச் சோம்பல்பட்டு அப்படியே எறிந்து பார்த்தீர்கள். பந்து பக்கத்து வீட்டுக் கூரையில் போய் விழுந்தது. அந்த வீட்டுச் சீனக் கிழவர் வந்து சத்தம் போட்டதும், நீங்கள் இருவரும் திட்டு வாங்கிக்கொண்டே குதித்ததும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அடுத்த வாரமே பழனியின் அப்பா கனத்த பலகையில் நாலு சக்கரம் அறுத்துக் கொடுத்தார். நான் அலுவலகத்திலிருந்து வந்து, சக்கரம் பூட்டிய கவணைத் தொட்டேன். முன்னும் பின்னும் உருண்டது.

"உதென்ன, ஆடுது?" என்று கேட்டேன்.

"ஆடத்தான் வேணும் அப்பா. ஆடினாத்தான் பெட்டி நேரா விழும்" என்றாய்.

"அங்கிள், தரையில வச்சா பெட்டி வளைஞ்சு வளைஞ்சு போவுது, பாதி வேகம் வேஸ்ட்" என்றான் பழனி. "வீல் இருந்தா வண்டி முன்னால ஓடிக் குடுக்குது. பெட்டி செங்குத்தா விழுது. நான் படுத்துப் பாத்தேன் லா."

"ஆடுற சாமான் ஒண்டும் உருப்படாது" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். பதினாறு வயதுப் பையன் மண்ணில் படுத்துக் கண்டுபிடித்ததை நான் சட்டை கசங்காமல் நின்று தள்ளிவிட்டேன். சொன்னது நீயாக மட்டும் இருந்திருந்தால் ஒருவேளை கேட்டிருப்பேனோ என்னவோ. கெலிண்டான் மகன் எனக்குப் பாடம் எடுக்கிறானே என்பதுதான் தொண்டையில் நின்றது.

அதோடு விடவில்லை. போட்டிப் படிவத்தை நீங்கள் நிரப்ப விடாமல், கையெழுத்து அழகாக இருக்க வேண்டும் என்று நான் வாங்கி நிரப்பினேன். உன் பெயரைத் தயாரித்தவர் என்ற இடத்தில் எழுதினேன். அவன் பெயரை உதவியாளர் என்ற இடத்தில் எழுதினேன். யாரையும் கேட்கவில்லை. படிவத்தைப் பள்ளியில் பார்த்துவிட்டு அவன் உன்னிடம் சண்டைக்கு வந்தான். "அப்ப நீயே தனியாப் பண்ணிக்க" என்று இரண்டு நாள் வரவில்லை. நீ வந்து என்னிடம் சொன்னபோது, "அவங்கட ஆக்கள் அப்பிடித்தான், கொஞ்சம் இடம் குடுத்தாத் தலையில ஏறுவினம்" என்றேன். நீ தலையாட்டினாய். மூன்றாம் நாள் அவனாகவே வந்து மணலை அளந்து கொட்டத் தொடங்கினான். அந்தப் பெருந்தன்மையைக்கூட நாம் இருவரும் பயம் என்று நினைத்தோம்.

போட்டி கடலுக்கு அக்கரையில், செபராங் ஜெயாவில். காலையில் அவன் அப்பாவின் முதலாளி கொடுத்த லாரியில் கவணை ஏற்றிக்கொண்டு, லாரியோடு படகேறினோம். நீங்கள் பாலத்தூண்களைப் பார்க்க மேல்தட்டுக்கு ஓடினீர்கள். டிரைவரும் பழனியின் அப்பாவும் தேத்தண்ணி குடிக்கப் போனார்கள். நான் லாரியோடு நின்றேன். படகு அலையில் அசைய அசைய, கவண் பின்னால் ஒரு சாண் உருண்டு இடிக்கும், முன்னால் ஒரு சாண் உருண்டு இடிக்கும். டொக், டொக். எனக்குப் பொறுக்கவில்லை. லாரியின் முன் இருக்கைக்கு அடியில் பழனியின் அப்பா வைத்திருந்த சுத்தியலும் இரண்டு அங்குல ஆணியும் இருந்தன. சட்டத்தின் வழியாகச் சக்கரத்துக்குள் இறங்குகிற மாதிரி, ஒரு சக்கரத்துக்கு ஒரு ஆணி அடித்தேன். வழியில் உடையாமல் இருக்கத்தான் அடித்தேன் என்று இத்தனை வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். கயிறு லாரியிலேயே கிடந்தது. கட்டியிருந்தால் போதும். நான்காவது ஆணி இறங்கியதும் கவண் சிலைபோல நின்றது, எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. இனித்தான் இது ஒழுங்காக எறியும் என்று நினைத்தேன். உன்னைத் தோற்கடிக்க அடிக்கவில்லை, தம்பி. ஜெயிக்கவைக்கத்தான் அடித்தேன். உங்கள் இரண்டு பேரையும்விட எனக்குக் கூடுதலாகத் தெரியும் என்ற திமிரில் அடித்தேன்.

சுத்தியலைத் திரும்ப வைக்கும்போது பின்னால் பழனி நின்றான். பந்து டப்பாவை எடுக்க இறங்கி வந்திருக்கிறான்.

"அங்கிள், என்ன பண்றீங்க?"

"வழியில உடையாமலிருக்க. இறங்கினதும் கழட்டிவிடுறன்."

"மறந்துடாதீங்க அங்கிள். செக் பண்ணிட்டா அப்புறம் கை வைக்க முடியாது."

"எனக்குத் தெரியாதோ? போ."

அவன் போனான். பெரியவர் சொல்லிவிட்டார் என்று போனான். மைதானத்தில் நாலு பேர் சேர்ந்து கவணைத் தூக்கி இறக்கியபோது நீ ஆசிரியரிடம் பெயர் கொடுக்கப் போயிருந்தாய். அவன் என் பக்கத்தில் வந்து மெல்ல, "கழட்டியாச்சா அங்கிள்?" என்று கேட்டான். நான், "ஆச்சு" என்றேன். அந்த ஒரு சொல்லை எந்த அழிப்பானாலும் அழிக்க முடியவில்லை. அவன் குனிந்து பார்த்திருக்கலாம், பார்க்கவில்லை. பார்த்தால் என்னை நம்பாத மாதிரி ஆகிவிடும் என்று வெட்கப்பட்டிருப்பான். ஆசிரியர்கள் வந்து பாரத்தை நிறுத்துப் பார்த்து, நடுச்சட்டத்தில் முத்திரைத் தாள் ஒட்டிவிட்டுப் போனார்கள்.

முதல் வீச்சு உனக்கு மறந்திருக்காது. பெட்டி விழுந்ததும் கவண் முழுவதும் தவளை மாதிரித் துள்ளிக் குப்புற விழப் பார்த்தது. பந்து பாதி தூரத்தில் செத்து விழுந்தது. நீ ஓடிப்போய்ச் சக்கரத்தைப் பிடித்துத் தள்ளினாய், அசையவில்லை. ஆணித்தலைகளைப் பார்த்தாய். கழற்ற விடுங்கள் என்று கெஞ்சினாய். முத்திரை ஒட்டியபின் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். மிச்ச இரண்டு வீச்சும் அப்படியே போயின. முதல் இரண்டு அணிகள்தான் கோலாலம்பூரில் இறுதிப் போட்டிக்கு. நீங்கள் மூன்றாவது.

அப்போது நீ என்ன செய்தாய் என்பதை விருந்தில் சொல்லாமல் விட்டுவிட்டாய். நான் சொல்கிறேன். இருநூறு பேருக்கு முன்னால் பழனியின் கன்னத்தில் அறைந்தாய். "உன்ர அப்பன்ர ஆணிதானே இது? கெலிண்டான் புத்தியைக் காட்டிட்டாய்!" என்று கத்தினாய். அவனுடைய அப்பா பத்தடி தள்ளி நின்றார். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தரையைப் பார்த்தார். பழனி திருப்பி அடிக்கவில்லை. உன்னைப் பார்க்கக்கூட இல்லை. என்னைப் பார்த்தான். நான் குடையை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு கடிகாரத்தில் மணி பார்த்தேன்.

இப்போது உன் மேல் எனக்குள்ள கோபத்தைச் சொல்கிறேன், கேள். நாற்காலிக் காலுக்குத் தாள் மடித்து வைக்கிற பைத்தியக்காரன் உன் வீட்டிலேயே இருந்தான். ஆடுகிற சாமான் உருப்படாது என்று ஒரு வாரத்துக்கு முன் உன் முகத்துக்கு நேரே சொன்னவன். படகில் லாரியோடு தனியாக நின்றவன். குற்றவாளி குடை பிடித்துக்கொண்டு உன் கண் முன்னால் நிற்க, நீ அவனை ஒரு நொடிகூடச் சந்தேகப்படவில்லை. இரண்டு மாதம் மண்ணில் படுத்து உனக்காக வேலை செய்தவனைத்தான் பிடித்தாய். இன்றைக்குப் பெரிய எஞ்சினியர். ஒரு இயந்திரம் நின்றால் எது பழுது என்று கழற்றிப் பார்க்காமல் சொல்ல மாட்டாய். மனிதனுக்கு மட்டும் அப்பன் பெயரைப் பார்த்தே தீர்ப்புச் சொன்னாய். அதை உனக்குக் கற்றுக் கொடுத்தவன் நான்தான், தெரியும். ஆனால் உனக்கு இப்போது இருபத்தெட்டு வயது. இன்னும் என் வாந்தியையே விருந்தில் பரிமாறிக்கொண்டிருக்கிறாய். வெட்கமாக இல்லையா?

எனக்கு இருக்கிறது. அதற்கு இன்னும் காரணம் உண்டு. போட்டி முடிந்த நாலாம் நாள், நீ டியூஷனுக்குப் போயிருந்த நேரம், பழனி சைக்கிளில் வந்தான். கேட்டுக்கு வெளியிலேயே நின்றான்.

"அங்கிள், நீங்களே சொல்லிருங்க லா. நான் சொன்னா அவன் நம்ப மாட்டான். அவன் அப்பா மேல பழி போடுறேன்னு இன்னொரு அறை விடுவான்."

"நாளைக்குச் சொல்லுறன்" என்றேன்.

"எங்க அப்பா வீட்டுல பேசறதே இல்ல அங்கிள். அவரோட ஆணியை நானே எடுத்து அடிச்சேன்னு நெனைக்கிறாரு."

"நாளைக்குச் சொல்லுறன் எண்டு சொன்னேனே."

அடுத்த வாரமும் வந்தான். நான் உள்ளேயிருந்து பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டேன். மணியடித்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டான். மூன்றாம் தடவை மணியும் அடிக்கவில்லை. கேட்டுக்கு வெளியே ஒரு காலை ஊன்றிக்கொண்டு வாசலையே பார்த்தான், பிறகு சைக்கிளை மிதித்துக்கொண்டு போனான். சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? நீ ஒரு மாதம் என்னோடு முறைத்திருப்பாய், அவ்வளவுதான். மகனுக்கு முன்னால் ஒரே ஒரு நாள் பிழையானவனாக நிற்க மனம் வரவில்லை. அதற்காக ஒரு பிள்ளையைப் பன்னிரண்டு வருடம் கள்ளனாக நிற்கவைத்தேன்.

விருந்துக்கு மறுநாள், உன் கல்யாணப் பத்திரிகை ஒன்றை எடுத்துக்கொண்டு விசாரித்து விசாரித்துப் போனேன். அக்கரையில் சிம்பாங் அம்பாட்டில் பட்டறை வைத்திருக்கிறான். தொழிற்சாலைகளில் பாரம் தூக்குகிற வண்டிகளைப் பழுது பார்க்கிறான். ஐந்து பேர் அவனிடம் வேலை செய்கிறார்கள். உன் தயவு இல்லாமலே நன்றாக இருக்கிறான். ஒரு வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தவன், என் சப்பாத்தைப் பார்த்து வெளியே வந்தான். கையைத் துடைத்தான். "வாங்க அங்கிள்" என்று நாற்காலி போட்டான். நாற்காலி ஆடியது. நான் ஒன்றும் செய்யாமல் ஆடிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். பத்திரிகையைக் கொடுத்தேன். உன் பெயரை வாசித்தான். மடித்தான்.

"சொல்லிட்டீங்களா அங்கிள்?" என்று கேட்டான்.

பன்னிரண்டு வருடம் கழித்து அவன் கேட்ட முதல் கேள்வி. எதை என்று நான் கேட்கத் தேவையிருக்கவில்லை.

"இன்னும் இல்லை" என்றேன்.

அவன் கோபப்படவில்லை. பத்திரிகையைத் திரும்ப என் கையில் வைத்தான். "எங்க அப்பா ரெண்டு வருசம் முந்தி தவறிட்டாரு. கடைசி வரைக்கும் அந்த ஆணிய நான் அடிச்சேன்னுதான் நெனச்சாரு. ஆஸ்பத்திரியில கூட, 'கோவத்துல பண்ணிட்ட, பரவால்லடா'ன்னு மன்னிச்சாரு அங்கிள். பண்ணாததுக்கு மன்னிப்பு வாங்கிட்டு உக்காந்திருக்கேன். நீங்க சொல்லிட்டு வாங்க. அப்புறம் பத்திரிகை குடுங்க" என்றான். தேத்தண்ணி வாங்கிக் கொடுத்து, பஸ் நிற்கிற இடம் வரை தன் வண்டியில் கொண்டுவந்து விட்டான்.

அவனுடைய அப்பாவிடம் எனக்கு இனிச் சொல்ல வழியில்லை. உனக்குச் சொல்லிவிட்டேன். உன்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை, கவனித்துக்கொள்; உனக்கு நான் செய்தது ஒரு போட்டியைக் கெடுத்தது, அது போகட்டும். பொய் என்னுடையது, நான் சுமக்கிறேன். அறை உன்னுடையது. அதை என் தலையில் இறக்கிவிட்டு நீ மணவறையில் மாலையோடு உட்கார நான் விட மாட்டேன். பெண் வீட்டு இருபது பேருக்கும் நடந்ததைச் சொல்வது யார் என்று யோசி. நீ சொல்லாவிட்டால், தாலி கட்டுவதற்கு முன்னால் நான் மைக்கைப் பிடித்துச் சொல்வேன். மணி பார்க்க மாட்டேன்.

அவன் திருப்பிக் கொடுத்த பத்திரிகை இதோடு இருக்கிறது. மூலையில் பட்டறைக் கரி ஒட்டியிருக்கிறது. வேறு புதுசு எடுக்காதே, இதையே கொண்டு வா. வருகிற ஞாயிற்றுக்கிழமை பத்து மணிப் படகில் நான் மறுபடி அவனிடம் போகிறேன். நீ படகேறுகிற ஜெட்டிக்கு வந்தாலும் போவேன், வராவிட்டாலும் போவேன். "சொல்லிட்டீங்களா அங்கிள்?" என்று அவன் கேட்டால் இந்தத் தடவை என்னிடம் பதில் இருக்கிறது. அதற்குப் பிறகு அவன், "ரவி என்ன சொன்னான்?" என்று கேட்பான். அதற்கு நான் பதில் சொல்ல மாட்டேன். பக்கத்தில் நீ நின்றால் நீ சொல். நிற்காவிட்டால், என் பக்கத்தில் நீ இல்லாத அந்த வெற்றிடத்தை அவனே பார்த்துக்கொள்ளட்டும்.

அப்பா